குளிர்த்தித் தண்ணீர்

சுபாகரன் உலோகவியல் படித்துப் பட்டத்தோடு குருக்கள்மடத்துக்குத் திரும்பியபோது, ஊரில் பாதிப்பேர் அவன் நகைவேலை படித்து வந்திருப்பதாகத்தான் நினைத்தார்கள். அந்தப் படிப்புக்கு மட்டக்களப்பில் யார் வேலை கொடுப்பார்கள்? அவனுடைய கண்ணெல்லாம் கொழும்பிலுள்ள ஓர் அரசாங்க ஆய்வுக்கூடத்தின் உலோகவியலாளர் பதவியில் இருந்தது. பட்டத்தோடு வார்ப்புப் பட்டறையில் ஒரு வருட அனுபவமும் கேட்டார்கள். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது தவறவிட்டால் வயது போய்விடும். பிறகு வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் கொடுக்க வேண்டியதுதான்.

அதனால் வாவிக்கரையில் இருந்த கனகசூரியத்தின் பட்டறையில் சேர்ந்தான். பழைய படகு இயந்திரங்களை உடைத்து, அலுமினியத்தை உருக்கி, தண்ணீர்ப் பம்புகளுக்கு உறுப்புகள் வார்க்கும் இடம் அது. உருகிய அலுமினியத்துக்குள் தண்ணீர் அகப்பட்டால் உலை வெடிக்கும். ஆகவே ஒவ்வொரு துண்டையும் பார்த்து, ஈரம் இருந்தால் சுட்டுக் காயவைக்கச் சொல்வது சுபாகரனின் பொறுப்பு. அவன் சரி என்றால் உலையில் போடுவது வல்லிபுரத்தின் வேலை.

வைகாசியில், கண்ணகை அம்மன் கோயிலில் அம்மனின் கோபத்தைத் தணிக்கும் திருக்குளிர்த்திச் சடங்கு முடிந்த மறுநாள், வல்லிபுரம் அங்கே கொடுத்த குளிர்த்தித் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்தார். வருசா வருசம் செய்வதுபோல வேப்பிலையால் உலையைச் சுற்றித் தெளித்தார். கிடந்த துண்டுகளிலும் நாலு துளி விழுந்தது. அந்த வெக்கையில் அது பார்த்துக்கொண்டிருக்கவே காய்ந்துபோனது. பிறகு, முதல் நாள் வாவிக்குள்ளிருந்து எடுத்த இயந்திரக்கூடு ஒன்றைத் தூக்கிக் காட்டி, போடலாமா தம்பி என்று கேட்டார். சுபாகரன் கைப்பேசியில் அந்தக் கொழும்பு வேலைக்கான பழைய வினாத்தாள் பார்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே, போடுங்கண்ணே என்றான்.

கூடு உள்ளே போனதும் உலை வெடித்தது. வல்லிபுரத்தின் இரண்டு கண்களும் போயின.

விசாரிக்க அதிகாரி வருவதற்கு முன்னமே கனகசூரியம் அவனைத் தனியே கூப்பிட்டார்.

“உன்ட பிழையெண்டு வந்தா, நல்லா வேலை செஞ்சவனெண்டு நான் எப்பிடித் தம்பி எழுதித்தாற?”

சுபாகரன் அதிகாரியிடம், தண்ணீர் தெளித்ததுதான் காரணம் என்று சொன்னான். சும்மா சொல்லவில்லை. நீர் எப்படி ஆவியாகிறது, எப்படி விரிகிறது என்று கைகளால் காட்டி, பிசிறில்லாமல் விளக்கினான். அத்தனை வருடம் படித்த படிப்பு முதன்முதலாக உதவியது அந்தப் பொய்க்குத்தான். வாசலில் நின்ற வல்லிபுரத்தின் மனைவி தெய்வமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

நேர்முகத் தேர்விலும் பட்டறை விபத்துகளைப் பற்றிக் கேட்டார்கள். அதே விளக்கத்தை இன்னும் அழகாகச் சொன்னான். கேட்டிருந்தவர்கள் தலையாட்டி ரசித்தார்கள். வேலை கிடைத்தது.

கொழும்புக்குப் புறப்பட இருந்தபோது தெய்வமணி வந்து, போவதற்கு முன் ஒருக்கா வந்துவிட்டுப் போகும்படி வல்லிபுரம் சொன்னதாகச் சொன்னாள். உண்மை அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே சுபாகரன் நினைத்துக்கொண்டு போனான்.

வல்லிபுரம் கையை நீட்டித் துழாவி, அவன் கையைப் பிடித்தார்.

“என்ட பிழையால உங்கட வேலை கெட்டிருமெண்டு பயந்துதான் தம்பி கிடந்தன். கண்ணகை அம்மாள் காப்பாத்திற்றா.”

வல்லிபுரம் கையை விடவில்லை.

“ஒண்டு கேக்கன். நீங்க படிச்சாக்கள். கண் போனத நான் பொறுப்பன். அம்மாள்ர தண்ணி என்னைச் சுட்டதத்தான் தாங்க ஏலாம கிடக்கு. மெய்யாவே அந்தத் தண்ணிதானா?”

வேலை கையில் இருந்தது. அந்த வீட்டுக்குள் அவர்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாரும் இல்லை. உண்மையைச் சொன்னாலும் இந்த மனிதர் அதை வெளியே கொண்டுபோகிறவர் இல்லை என்பது சுபாகரனுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் ஒருமுறை பொய் சொன்ன வாய்க்கு அதுதான் சுகமாக இருந்தது.

“ஓம் அண்ணே. அந்தத் தண்ணிதான்.”

வல்லிபுரம் அவன் கையை விட்டுவிட்டு, மனைவி நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“அப்ப அந்த அம்மாள்ர படத்தக் கழட்டு புள்ள.”

படம் உயரத்தில் மாட்டியிருந்தது. தெய்வமணிக்கு எட்டவில்லை. சுபாகரன்தான் எழும்பிக் கழற்றிக் கொடுத்தான்.