மணிக்கயிறு

படிவத்தில் எங்கே கையெழுத்துப் போடுவதென்று மகளுக்குத் தெரியவில்லை. நர்ஸ் விரல் வைத்துக் காட்டினாள்.

"அப்பா ரெண்டு தடவை மருந்து டியூபை இழுத்துட்டாரும்மா. இன்னொரு தடவை ஊசி போட நரம்பு கிடைக்காது. கையைக் கட்டுறதைத் தவிர வேற வழி தெரியல."

"வலிக்குமா சிஸ்டர்?"

"வலிக்காது. அவருக்குப் பிடிக்காது."

மகள் கையெழுத்துப் போட்டாள். விடியலிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. அப்பா கொஞ்ச நேரம் அடங்கிக் கிடந்தால் போதும் என்றிருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து காபி குடித்துவிட்டு வந்தபோது, அவசரப் பிரிவின் மூன்றாவது கட்டிலில் இரண்டு மணிக்கட்டும் கம்பியோடு கட்டப்பட்டு, அப்பா கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"கையை விடும்மா. ஸ்டாப் வந்தாச்சு. புள்ளத்தாச்சி ஒண்ணு இறங்கணும்னு நிக்குது."

அப்பா முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டர். எமனே வந்தாலும் 'உள்ள போ, உள்ள போ' என்றுதான் சொல்வார் என்று அம்மா கேலி செய்வாள். பெற்ற மகளை மறந்து இரண்டு வருஷம் ஆகிறது, வேலையை மறக்கவில்லை.

"சிஸ்டர், அவர் டியூபைப் பிடுங்கல. மணியடிச்சிருக்கார். பஸ்ல தலைக்கு மேல தொங்குற கயித்தை ஒரு இழுப்பு இழுத்தா வண்டி நிக்கும். ரெண்டு இழுத்தா கிளம்பும்."

நர்ஸ் படிவத்தைப் பார்த்தாள். "அவிழ்த்து ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க."

"நான் நகர மாட்டேன்."

"என்ன வேலை பார்த்தார்னு முதல்லயே கேட்டிருக்கணும்," என்றாள் நர்ஸ். ஊசி ஏறிய இடது கையின் கட்டை அப்படியே விட்டு, வலது கையை மட்டும் அவிழ்த்தாள். டியூபைத் தள்ளி வைத்து, அவர் தலைக்கு மேலிருந்த கம்பியில் பேண்டேஜ் துணியை நீளமாகக் கட்டித் தொங்கவிட்டாள்.

அப்பா ஒரு இழுப்பு இழுத்தார். "பார்த்து இறங்கும்மா." காத்திருந்தார். இரண்டு இழுத்தார். முகம் தெளிந்துவிட்டது. பிறகுதான் மகளைக் கவனித்தார்.

"எங்க போகணும்?"

"வீட்டுக்கு."

"உக்காரு. இடம் வந்ததும் சொல்றேன்."

அவள் உட்கார்ந்தாள். மருந்து சொட்டுச் சொட்டாக முழுதும் இறங்கியது. ஆனாலும் மதியத்துக்கு மேல் அப்பாவுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. மூன்றரை மணி வாக்கில் அப்பா ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். கை மார்பில் விழுந்தது.

டாக்டர் வந்து பார்த்து, நேரத்தைக் குறித்துவிட்டுப் போனார். நர்ஸ் இடது கைக்கட்டை அவிழ்த்து, அழுந்திச் சிவந்திருந்த இடத்தைத் தடவிவிட்டாள். மகளால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. அப்புறம் நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மேலே தொங்கிய துணியை எட்டினாள்.

"கொஞ்சம் இருங்க சிஸ்டர்."

மகள் எழுந்து, துணியைப் பிடித்து இரண்டு முறை இழுத்தாள்.