கதீசாவை வாசலில் விட்டுப் போகமாட்டேன்

கம்பனியை மூடப்போகிறார்கள் என்று றாஸிக் நானா சொன்னதும் நான் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் அப்னாவின் கடதாசியெல்லாம் நனைந்துபோனது. அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"ஆர் மூடுற?" என்றேன்.

"வெளிநாட்டுக் கம்பனிதான். இனி ஏலாதாம். வெள்ளிக்கிழமையோட எல்லாம் பூட்டு."

"அப்ப அஞ்சாம் பாகம்?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "அஞ்சாம் பாகம் இல்ல நுஸ்ஹா."

சாய்ந்தமருது பிரதான வீதியில் இரும்புக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது, கைபேசி விளையாட்டுகள் செய்கிற எங்கள் இடம். ஊரில் எங்களுக்கு 'கேம் கடைப் புள்ளைகள்' என்று பேர். போனுக்குக் காசு ரீலோட் போட்டுத் தருவீர்களா என்று கேட்டுப் படியேறி வந்தவர்கள் எத்தனையோ பேர். வளைகுடா நாடான கட்டாரில் பல வருடம் உழைத்துவிட்டு வந்த, எங்களுக்கு அண்ணன் முறையான றாஸிக் நானாதான் இதைத் தொடங்கினார்; பிறகு வெளிநாட்டுக் கம்பனியொன்று காசு போட்டு இதை எடுத்துக்கொண்டது. கதை எழுதுவது நான். படம் வரைவது அப்னா. அதையெல்லாம் ஓடவைப்பவள் துஷாந்தினி. காரைதீவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். சத்தம் சேர்க்கவும் சோதித்துப் பார்க்கவும் இரண்டு பையன்கள்.

சுட்டுத் தள்ளுகிற விளையாட்டில்லை எங்களுடையது. கதை. ஒலுவில் ஊர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றுகொண்டு வருகிறது, கரையில் மிஞ்சிய கடைசி வீடு கதீசா என்ற பெண்ணுடையது. அவள் அங்கேயே இருப்பதா, வயல் பக்கம் குடிபோவதா, கட்டாருக்கு வேலைக்குப் போவதா? விளையாடுகிறவர்தான் அவளுக்காக முடிவெடுக்க வேண்டும். நாலு பாகம் வெளிவந்துவிட்டது. நாலாம் பாகத்தின் முடிவில் கடல் வாசற்படியைத் தொடும், கதீசா கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவாள், மூன்று வழியில் எது என்று கேட்போம். விளையாடுகிறவர்கள் ஒன்றைத் தெரிவுசெய்வார்கள். அதோடு அவளை வாசலில் நிற்க வைத்துவிட்டு, மிச்சம் அடுத்த பாகத்தில் என்று நிறுத்தியிருந்தோம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

"வாங்கின ஆக்களுக்கு நன்றி சொல்லி ஒரு அறிவித்தல் மட்டும் போடட்டாம். கேமைத் திறந்தா அதுதான் வரும். நீங்கதான் எழுதணும்" என்றார் றாஸிக் நானா.

"செத்த ஆளுக்குப் போடுற ஜனாஸா அறிவித்தல் எழுத நான் இங்க வேலைக்கு வரல்ல நானா. பள்ளிவாசலுக்குச் சொல்லுங்க, ஸ்பீக்கர்ல சொல்லுவாங்க."

"கோவப்படாதீங்க. என்ன செய்ற?"

"நீங்க என்னவும் செய்ங்க. கதீசாவ வாசலில நிக்க வெச்சிட்டு நான் போகமாட்டன்."

சொல்வது சுகம். அந்த ஒரு அறிவித்தலுக்குள்ளேயே கதையை முடித்துவிடுவது என்று எழுத உட்கார்ந்தபோதுதான் வினை தெரிந்தது. கதீசா ஊரிலேயே இருந்தாள் என்று எழுதினால், அவளைக் கட்டாருக்கு அனுப்பியவர்களுக்கு அது பொய். வயல் பக்கம் போனாள் என்றால் மற்ற இரண்டு பங்கு ஆட்களும் எங்களைத் திட்டுவார்கள், திட்டவும் வேண்டும். மூன்று முடிவையும் நானே எழுதப் பார்த்தேன். கட்டார் எனக்குத் தெரியாது. வயல் எனக்கு பஸ் யன்னலால் தெரிந்ததுதான். எழுதியதெல்லாம் அரைவேக்காட்டுச் சோறாக இருந்தது. அழித்தேன். மறுபடி எழுதினேன். வீட்டில் உம்மாவோடும் எரிந்து விழுந்தேன்.

புதன்கிழமை பகல் றாஸிக் நானா எல்லாருக்கும் சாப்பாடு எடுப்பித்தார். வெளியறையில் ஆண்களுக்கு ஒரு சஹன், உள்ளறையில் எங்கள் மூவருக்கும் ஒன்று. பெரிய தட்டு நிறைய நெய்ச்சோறு, நடுவில் பொரித்த கோழி, கத்தரிக்காய் மோஜு. துஷாந்தினிக்காக மாட்டிறைச்சி எடுக்கவில்லை. ஒரே தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடுவது அவளுக்குப் புதிது.

"எங்கால தொடங்கிற?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு முன்னுக்கு உள்ளத நீங்க சாப்பிடணும். மத்தவங்கட பக்கம் கை போகப்படா. நடுவில உள்ளது எல்லாருக்கும்" என்று அப்னா சொல்லிக் கொடுத்தாள்.

நான் கதீசாவின் நினைப்பிலேயே இருந்தேன். கை போன போக்கில் அப்னாவின் பக்கத்துச் சோற்றை அள்ளிவிட்டேன் போலும். என்னை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுகிறவள், கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ராத்தா, உங்கட பக்கத்தால தின்னுங்க. முழுச் சஹனையும் ஒராளே திங்கப் போறீங்களா?"

துஷாந்தினி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வழி இருக்கிறது, இந்தத் தட்டைச் சுற்றி மூன்று பேர் இருக்கிறோம், இவ்வளவு நாளும் நான் ஒருத்தியாக எல்லாப் பக்கமும் கை வைத்துக்கொண்டிருக்கிறேன். இது என் மரமண்டைக்கு அப்போதுதான் ஏறியது.

"துஷாந்தினி, ஆளாளுக்கு வேற வேற அறிவித்தல் காட்ட ஏலுமா?"

"ஓம் அக்கா. ஆர் எந்த வழியத் தெரிஞ்சாங்க எண்டு கேமுக்குத் தெரியும்தானே. கஷ்டமில்ல."

"அப்ப வயல் வழிய நீ எழுது, வயலுக்குள்ள வளந்தவள் நீ. அப்னா கட்டார் வழிய எழுதட்டும். இருக்கிற வழி எனக்கு."

இரண்டு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"எனக்குப் படம்தான் கீறத் தெரியும் ராத்தா" என்றாள் அப்னா.

"உன்ட மாப்பிள்ளை எங்க இரிக்கார்?"

"கட்டாரில."

"மறுகா என்ன? ஒவ்வொரு நாளும் போனில கதைக்கிறாய். எனக்கென்ன தெரியும் கட்டாரப் பத்தி?"

கை கழுவிவிட்டு நேரே வெளியறைக்குப் போய் விசயத்தைச் சொன்னேன். றாஸிக் நானா கேட்டுவிட்டுத் தலையாட்டினார், இல்லை என்று.

"புதுசா ஒண்டும் சேர்க்கிறல்ல எண்டு கையெழுத்து வெச்சிரிக்கன். வாக்கு அமானிதம் நுஸ்ஹா, காப்பாத்தணும்."

"முடிவு தாறம் எண்டு சொல்லி நாலு பாகம் வித்தமே, அது ஆர்ர அமானிதம்?"

நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். "ஒளிச்சிச் செய்யச் சொல்லல்ல நானா. கேட்டுப் பாருங்க. கேட்டா வாய் தேஞ்சா போகும்?"

போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனார். கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் எல்லாரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம். உள்ளே வந்தவரின் முகத்தில் சந்தோசமும் இல்லை, துக்கமும் இல்லை.

"ஒரு திரைக்கு மேல போகப்படாதாம். புதுப் படம் இல்ல, சத்தம் இல்ல. வழிக்கு ஒண்டாப் போட்டாலும் பரவாயில்லையாம். அதில என்ன எழுதினாலும் சரியாம்."

"போதும்" என்றேன்.

மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்தோம். ஒரு திரை என்பது கைபேசியில் பத்துப் பன்னிரண்டு வரிகூட இல்லை. என் கதீசா வீட்டுக்குள் போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்து வாசலில் போட்டுக் கடலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். துஷாந்தினியின் கதீசா முதல் முறையாகக் களைபிடுங்கப் போய், சேற்றில் எப்படிக் கால் வைப்பது என்று ஒரு கிழவியிடம் ஏச்சு வாங்கினாள். அதை வாசித்துவிட்டு நான் இரண்டு இடத்தில் வசனத்தைத் திருத்தப் போனேன். "அக்கா, எங்கட ஊரில அப்பிடித்தான் ஏசுவாங்க" என்றாள். கையை எடுத்துக்கொண்டேன். அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்னாவோ காட்டவே மாட்டேன் என்றுவிட்டாள். காட்டினால் நீங்கள் மாற்றுவீர்கள் என்றாள். உண்மைதான், மாற்றியிருப்பேன். என் கதை அல்லவா, பிள்ளையைப் பிறத்தியாரிடம் கொடுத்த மாதிரி இருந்தது. ஆனாலும் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆண்கள் வந்ததும் துஷாந்தினி கடைசி முறையாகப் பொத்தானை அழுத்தினாள். மூன்று முடிவும் கேமுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன என்று திரையில் வந்தது. கைதட்டவில்லை ஒருவரும். பையன்கள் கம்பியூட்டர்களைப் பெட்டியில் வைத்துக் கீழே இறக்கினார்கள். அப்னாவும் துஷாந்தினியும் அவர்களோடு படியிறங்கினார்கள். நான் என் பையை எடுக்கத் திரும்பினேன்.

றாஸிக் நானா வெறும் அறைக்கு நடுவே போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன நானா?"

"நானும் விளையாடினனான்" என்றார், களவு செய்தவர் மாதிரி. "ஆருக்கும் சொல்லல்ல. நாலாம் பாகத்தோட நிக்கிறன்."

"எந்த வழி?"

"கட்டார்."

திறந்தார். அப்னா எழுதியதை நான் முதன்முதலாக அவருடைய தோளுக்குப் பின்னால் நின்றுதான் வாசித்தேன். கதீசா கட்டாரிலிருந்து ஊரில் முன்பு பக்கத்து வீட்டில் இருந்த பெண்ணோடு வீடியோவில் கதைக்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

'ராத்தா, ஒவ்வொரு நாளும் கடலக் காட்டாமலே போனப் புடிக்கிறீங்க. என்ட வீடு இருந்த பக்கம் திருப்புறதே இல்ல. நான் கேக்கவும் மாட்டன். எனக்கு எப்பவோ விளங்கிற்று. நீங்க அழாதீங்க. உங்கட முகத்தக் காட்டுங்க, அது போதும். சோறு திண்டீங்களா?'

அவர் வாசித்து முடித்துவிட்டு முதல் வரிக்குப் போய் மறுபடி வாசித்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவுமில்லை, மறைக்கவுமில்லை.

"நீங்களா எழுதின?"

"இல்ல நானா. அப்னா."

"நீங்க ஒண்டும் தொடல்லயா?"

"ஒரு எழுத்தும் தொடல்ல."

எனக்குப் பொறாமையாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஒரு வரிகூட என்னுடையதில்லை. ஆனாலும் அவரோடு சேர்ந்து நானும் அழுதேன். கதை முடிந்துவிட்டது, நல்லபடியாக முடிந்துவிட்டது, அதைவிட எனக்கு என்ன வேண்டும்?

றாஸிக் நானா போனைச் சட்டைப் பையில் வைத்தார். சாவியை வெளியே எடுத்தார்.

"கதீசா இப்ப வாசலில இல்ல, என்ன?"

"இல்ல நானா. போய்ச் சேந்திட்டா."

"அப்ப பூட்டுவம்" என்றார்.