எந்தப் பெட்டியின் சாவி

கண்ணாத்தாள் கோழி ரத்தக் குப்பிகள் வைத்த தெர்மாகோல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோதே, தன்னால் இன்றைக்கு ரிசல்ட் கொடுக்க முடியாது என்று ஸ்ரீதேவிக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

நாமக்கல்லில் கோழி நோய்களைச் சோதிக்கும் அந்தச் சின்ன லேபில், கோழி ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற மெஷின் அவள் பொறுப்பில் இருந்தது. மெஷினோடு இணைந்த கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் முந்தின நாள் செத்துப்போனது. அஸ்தம்பட்டியிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் கௌதமன் வந்து புது டிஸ்க் மாட்டி, விண்டோஸ் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். காலையில் திறந்தால் விண்டோஸ், லைசென்ஸ் கீ என்ற சாவி எண்ணைக் கேட்கிறது. கீ கொடுத்து ஆக்டிவேட் செய்யாவிட்டால் மெஷினுடைய மென்பொருள் திறக்காது. லேபை நடத்தும் கால்நடை டாக்டரோ கோயம்புத்தூரில் ஒரு கூட்டத்தில் இருந்தார், போனை எடுக்கவில்லை.

"ஏனுங்க அம்மிணி, மொத செட்டுல வெள்ளைக்கழிச்சலுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாருங்க. ரெண்டாவது செட்டு இன்னும் நல்லாத்தான் தீவனம் எடுக்குது. போட்ட தடுப்பு மருந்து அதுல புடிச்சிருக்குதா இல்லையான்னு தெரிஞ்சா, மறுக்கா போடறதா வேண்டாமான்னு பாத்துக்குவோம்" என்றாள் கண்ணாத்தாள். ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் அவர்கள் பண்ணை. கணவர் அப்புசாமி கோழிக் கொட்டகையான செட்டை விட்டு நகரவில்லையாம்.

"கம்ப்யூட்டர்ல ஒரு பிரச்சினைங்க அக்கா. கொஞ்சம் உக்காருங்க."

கீ எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று கம்ப்யூட்டர் பெட்டியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். அடியிலும் பக்கத்திலும் எந்த ஸ்டிக்கரும் இல்லை. கௌதமனைக் கூப்பிட்டாள்.

"கீ வெளிய இருக்காது மேடம். கம்பெனியிலேயே மதர்போர்டுக்குள்ள எழுதி அனுப்பிருவாங்க. டிஸ்க் போனாலும் அது போகாது. ஒரு வரி அனுப்பறேன், அப்படியே போட்டு என்டர் தட்டுங்க, வந்துரும்."

வாட்ஸ்அப்பில் வரி வந்தது. போனைப் பார்த்துத் தட்டினால் எழுத்து தப்பிப்போகும் என்று தன் லேப்டாப்பில் வாட்ஸ்அப்பைத் திறந்து, அங்கிருந்தே வெட்டி, கறுப்புத் திரையில் ஒட்டினாள். எழுத்தும் எண்ணுமாய் ஒரு நீளமான கீ வந்து நின்றது. ஸ்ரீதேவிக்கு மூச்சு வந்தது. அதைப் பார்த்துப் பார்த்து மெஷின் கம்ப்யூட்டரில் அடித்தாள். செல்லாது என்றது. ஓவையும் சைபரையும் மாற்றி மாற்றிப் போட்டாள். அப்போதும் செல்லாது.

மறுபடி போன் போட்டாள்.

"எந்த சிஸ்டத்துல மேடம் ஓட்டுனீங்க?"

ஸ்ரீதேவி லேப்டாப்பைப் பார்த்தாள். பிறகு மெஷின் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "என் லேப்டாப்ல."

"அப்ப அது உங்க லேப்டாப் கீ."

காது சூடாகிவிட்டது அவளுக்கு. இந்த முறை மெஷின் கம்ப்யூட்டரிலேயே எழுத்தெழுத்தாகத் தட்டினாள். வேறொரு கீ வந்தது. அதைக் கொடுத்தாள். இந்தப் பதிப்புக்கு இந்தக் கீ பொருந்தாது என்றது.

"இந்தப் பெட்டிக்குள்ள இருந்து எடுத்த கீயை இந்தப் பெட்டியே வேண்டாங்குதே" என்று தன்னையறியாமல் வாய்விட்டுச் சொன்னாள்.

கண்ணாத்தாள் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். "உள்ளயே இருக்குதுன்னா, அது எதுக்குங்க நம்மகிட்ட கேக்குது?"

ஸ்ரீதேவி மறுபடி போனை எடுத்தாள். அதே கேள்விதான் அவளுக்கும்.

மூன்றாவது முறை கூப்பிட்டதும், திரையில் வந்ததை அப்படியே படிக்கச் சொல்லிக் கேட்டார் கௌதமன். பிறகு தயங்கிச் சொன்னார். "மேடம், தப்பு என்னுதுதான். போர்டுல இருக்கறது ஹோம் பதிப்போட கீ. என் பென்டிரைவ்ல ப்ரோங்கற வேற பதிப்பு மட்டுந்தான் ஏத்தற மாதிரி வெச்சிருந்தேன், அதைப் போட்டுட்டேன். நேரா விண்டோஸ் சைட்ல இருந்து இறக்கி மறுபடி ஏத்துங்க. நான் லைன்லயே இருக்கேன்."

இறங்கும்வரை காத்திருந்த நேரத்தில் ஸ்ரீதேவி சும்மா இருக்கவில்லை. கண்ணாத்தாளின் குப்பிகளிலிருந்து ரத்தத்தின் தெளிந்த நீரை மட்டும் பிரித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள். பிறகு லேப்டாப்பில் இறங்கியதைப் பென்டிரைவில் போட்டு, மெஷின் கம்ப்யூட்டரில் செருகி விண்டோஸை ஏற்றத் தொடங்கினாள். கீ கேட்கும் இடம் வந்தால் அடிக்க வேண்டுமே என்று, போர்டிலிருந்து வந்த கீயை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். மொழி கேட்டது. எந்த டிஸ்க் என்று கேட்டது. பேர் கேட்டது. கீ மட்டும் கேட்கவே இல்லை. நெட்டை இணைத்துப் பார்த்தால், ஆக்டிவேட் ஆகிவிட்டதாகத் தானே சொன்னது.

"நான் ஒண்ணுமே அடிக்கலையே" என்றாள் போனில்.

"அதுவே படிச்சுக்கிச்சு மேடம்."

"அப்ப நேத்து ஏன் படிக்கலை?"

நேற்றைய பென்டிரைவ் ப்ரோவை மட்டுமே ஏற்றும்படி இருந்ததால் போர்டின் ஹோம் கீயை அது எடுத்துக்கொள்ளவில்லை என்று கௌதமன் விளக்கினார். பாதி புரிந்தது. மீதியைக் கேட்க நேரமில்லை. மெஷின் மென்பொருளை ஏற்றித் திறந்தாள், திறந்தது. பிரித்து வைத்த நீரைத் தட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு, சோதனை ரசாயனங்களை ஊற்றி, கழுவி, நிறம் வரக் காத்திருந்து மெஷினுக்குள் தள்ளினாள்.

வந்த எண்களை அவள் இரண்டு முறை பார்த்தாள். எல்லாக் குப்பியிலும் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைவு. டாக்டருக்குப் படம் எடுத்து அனுப்பினாள். இந்த முறை அவரே உடனே கூப்பிட்டார். "இன்னைக்கே போடச் சொல்லு. மொத செட்டு ஆளுங்க அந்தப் பக்கம் போகக் கூடாது."

ஸ்ரீதேவி திரும்பினாள். "ரெண்டாவது செட்டுல மருந்து புடிக்கலீங்க அக்கா. இன்னைக்கே மறுபடி போடணும்னு டாக்டர் சொல்றாரு."

கண்ணாத்தாள் முகம் ஒருகணம் சுண்டியது. பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து அப்புசாமியைக் கூப்பிட்டாள். "புடிக்கலீங்களாமா. நான் மருந்த ஐஸ்ல வாங்கிட்டு வாரேன். மொத செட்டுக்குள்ள போன காலோட நீங்க அங்க போயிராதீங்க, கேட்டுதுங்களா?"

அவள் படியிறங்கி ஓடினாள். ஸ்ரீதேவி நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்தாள். வியர்வையில் மை பரவி, அங்கே எழுதிய கீயில் ஓர் எழுத்து எட்டா, ஆங்கில பியா என்று அவளுக்கே படிக்க முடியவில்லை.