புள்ளி வைக்காத கட்டுரை

தம்பியைவிடப் பத்து நிமிடம் மூத்தவள் அவள். பல்கலைக்கழகத்தில் இருவரும் ஒரே வகுப்பு. தம்பிக்கு டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு; எங்கே கமா, எங்கே முற்றுப்புள்ளி என்பது மட்டும் அவனுக்குப் பிடிபடவே இல்லை. அவன் கட்டுரைகளுக்கு அவள்தான் புள்ளி வைத்துக் கொடுப்பாள். போன முறை அவளைவிட அவன் அதிக மதிப்பெண் வாங்கியதும் அவளுக்கு வயிறெரிந்தது.

இந்த முறை ஒரு புள்ளிகூட வைக்காமல், "பாத்துட்டேன்டா, குடுத்துடு" என்றாள். அவனும் நம்பிக் கொடுத்துவிட்டான்.

தாள்கள் திரும்பி வந்தன. அவனுக்குத்தான் வகுப்பில் முதலிடம். "நிறுத்தற்குறிகளை விடுங்கள். இந்த யோசனை வேறு யாருக்கும் வரவில்லை" என்று பேராசிரியர் எழுதியிருந்தார்.

"எல்லாம் உன் கைராசிதான், அக்கா" என்றான் தம்பி.

அவள் தன் தாளைத் திருப்பினாள். அதில் இருந்தது ஒரே வரி: "நிறுத்தற்குறிகளில் பிழையே இல்லை."