வாசலில் நிற்காத வண்டி

பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்பவர்களின் ஹாம் ரேடியோ கிளப்பில் நல்ல மருமகன் யார் என்று கேட்டால் எல்லா விரல்களும் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைத்தான் காட்டும். சும்மா வாய்ப்பேச்சு இல்லை, வரைபடத்தில் ஆதாரம் இருந்தது.

விஷயம் இதுதான். இந்தக் கிளப்காரர்கள் சோப்பு டப்பா அளவில் ஆளுக்கொரு பெட்டியைத் தங்கள் வண்டியில் பொருத்தி வைத்திருந்தார்கள். வண்டி எங்கே இருக்கிறது என்பதைப் பெட்டி செயற்கைக்கோளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். தெரிந்துகொண்டதை நிமிடத்துக்கு ஒருதரம் ரேடியோவில் கத்தும். மொட்டைமாடி ஆன்டெனாக்கள் அதைப் பிடித்துக் கைமாற்றி இணையத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே ஒரு வரைபடத்தில் குட்டிக் குட்டிக் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யார் பார்ப்பார்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது. இவர்களுடையதை இவர்களேதான் பார்த்துக்கொள்வார்கள். கிளப் தலைவரான பல் டாக்டர் பெட்ரோல் போட நின்றால், "என்ன டாக்டர், பெட்ரோலா?" என்று நாலு பேர் விசாரிப்பார்கள். அவருக்கு அதில் ஒரு தனிப் பரவசம். தச்சர் தன் பெட்டியை அமைக்கும்போது படத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டார். அவருடைய பழைய கார் பல நாள் பாய்மரப் படகாக மெயின் ரோட்டில் மிதந்துகொண்டிருந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் எதைப் பார்த்துச் சிரிப்பது?

இந்த வரைபடத்தில் மெக்கானிக்கின் வேன் ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டுக்கு டாண் என்று மாமனார் வீட்டு வாசலில் நிற்கும். மதியம் ஒரு மணிவரை அசையாது. வழியில் எந்தத் தெருவிலும் தென்படாமல் ஒரே தாவலாகத் தாவிப் போய் நிற்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல மனுஷனைச் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்? டாக்டரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "அந்த மனுஷனைப் பாருங்க, கத்துக்கோங்க" என்று ஆரம்பித்தாள். பேச்சு தச்சர் வீட்டுக்கும் பரவியது. விளைவு, டாக்டரும் தச்சரும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தத்தம் மாமனார் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெக்கானிக்கோ அந்த நேரத்தில் ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரியில் இருப்பான். மரத்தில் கம்பியைக் கட்டி, இன்னொரு ரேடியோவை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களிடம் அங்கே மழையா வெயிலா என்று கேட்டுக்கொண்டிருப்பான்.

அவன் மனைவி நர்ஸ். ஞாயிறு காலை அவளுக்கு டியூட்டி. தனியாக இருக்கும் அப்பாவை அன்றைக்கு ஒருதரம் போய்ப் பார்த்துவரும்படி அவனிடம் கேட்டிருந்தாள். இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் போனான். மாமனார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பயணிகளிடம் பேசக்கூடாது என்ற விதியை வீட்டிலும் விடாதவர். அவர் பேசாவிட்டாலும் அவர் வீட்டு ஃபிரிட்ஜ் பேசும். தொண்டை கட்டின ஆள் மாதிரி ஓயாமல் உறுமும். மகள் எப்போது போன் செய்தாலும் பின்னணியில் அந்த உறுமல் கேட்கும். அதைச் சரிசெய்யாமல் விட்டதற்காக மாமனார் அவனை ஒருமாதிரி பார்ப்பார். இரண்டாவது வாரம் அவன் கிளம்பும்போது, "உங்களுக்கும் வேலை இருக்கும் மாப்பிள்ளை. எதுக்குச் சிரமம்" என்றார். அவன் அதை விடுதலைப் பத்திரமாக எடுத்துக்கொண்டான்.

ஆனால் மனைவி டியூட்டிக்கு நடுவில் வரைபடத்தைப் பார்ப்பாளே. எனவே ஞாயிறு எட்டிலிருந்து ஒன்றுவரை செயற்கைக்கோள் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல், மாமனார் வீட்டு வாசலையே ஒப்பிக்கும்படி பெட்டிக்கு எழுதிக் கொடுத்தான். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் கடைசி இலக்கம்வரை துல்லியமாக எழுதினான். இந்தப் பொழுதுபோக்கில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. "வரைபடத்துல பொய் சொல்றவன் ஹாமே இல்ல" என்று டாக்டர் ஆண்டுக் கூட்டத்தில் மேஜையைத் தட்டிச் சொன்னபோது, முதலில் கை தட்டியவன் மெக்கானிக்.

அவனுக்குப் புரியாத ஒன்றுதான் இருந்தது. மகள் போனில் கேட்டால் மாமனாரும், "ஆமாம்மா, வண்டி வாசல்லதான் நிக்குது" என்று சொல்லிவிடுகிறார். கிழவருக்கும் நம் தொல்லை விட்டதில் நிம்மதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் லாபம் என்று அதோடு விட்டுவிட்டான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் ஒரு ஞாயிறு, கம்பிச்சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு தன் வீட்டு முன் தெருவுக்கு வந்தால் வேனைக் காணோம்.

நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் இருந்தது. கை தானாகப் போனை எடுத்து வரைபடத்தைத் திறந்தது. வேன் மாமனார் வீட்டு வாசலில் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டான். பாதி மூச்சில்தான் அதை எழுதிக் கொடுத்த அயோக்கியன் யார் என்பது ஞாபகம் வந்தது.

வேனுக்குள்தான் அவன் பிழைப்பே இருந்தது. பம்பு, கேஸ் சிலிண்டர்கள், மீட்டர்கள், வருஷக்கணக்காகச் சேர்த்த கருவிகள் அத்தனையும் அதில். மறுநாள் காலை ஐஸ்கிரீம் கம்பெனியின் குளிர் அறைக்கு அவன் போயாக வேண்டும். போகாவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும், திரும்பி வராது. போலீசிடம் போனாலும் வரைபடத்தைக் காட்டு என்பார்கள். காட்டினால் மாமனாரைப் பிடிப்பார்கள்.

வழி இல்லாமல் இல்லை. பெட்டி சொல்லும் இடம் பொய். ஆனால் அது கத்தும் சத்தம் வேன் எங்கே இருக்கிறதோ அங்கேயிருந்துதானே வரும்? தச்சர் இரும்பு அளவுநாடாவை வெட்டி, குழாயில் பொருத்தி, கிளப்பில் எல்லாருக்கும் கை ஆன்டெனா செய்து கொடுத்திருந்தார். அதைத் திருப்பிப் பார்த்தால் சத்தம் எந்தத் திசையில் பலமாக இருக்கிறது என்று தெரியும். மூன்று இடத்திலிருந்து மூன்று பேர் திசை பார்த்துக் கோடு போட்டால், கோடுகள் வெட்டும் இடத்தில் வண்டி இருக்கும். அதற்கு முதலில், வரைபடம் சொல்வது பொய் என்று கிளப்புக்குச் சொல்ல வேண்டும். திருடன் பெட்டியைப் பார்த்து ஒயரைப் பிடுங்குவதற்குள் சொல்ல வேண்டும். கிளப்புக்குச் சொன்னால் டாக்டரின் மனைவிக்குப் போகும். அங்கே போனால் ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரமாகும்?

இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே மனைவியின் போன் வந்தது.

"அப்பாகிட்ட பேசினேன். வண்டி வாசல்ல நிக்குதுன்னாரு. உங்ககிட்ட குடுக்கச் சொல்றதுக்குள்ள வெச்சுட்டாரு. அப்பா சாப்பிட்டாராங்க?"

"வண்டி அங்க இல்ல. திருடு போயிடுச்சு."

"என்ன உளர்றீங்க? மேப்புலயும் காட்டுதே."

"அது நான் எழுதி வெச்சது. ஞாயித்துக்கெழமை அது பொய்தான் காட்டும். நாலு மாசமா நான் அங்க போகல."

மறுமுனையில் யாரோ ஒரு நோயாளி தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு" என்றாள்.

"சொல்றாரு. நாலு மாசமா அவரும் சொல்றாரு."

போன் துண்டிக்கப்பட்டது. அவள் கத்தியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. மானம் போனது போனதுதான், வேனாவது மிஞ்சட்டும் என்று கை ரேடியோவை எடுத்து கிளப்பிடமும் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

அலைவரிசையில் டாக்டரின் குரல் வந்தது, மிக மெதுவாக.

"நான் இப்ப எங்க இருக்கேன் தெரியுமா?"

"தெரியும் டாக்டர். மேப்புல பார்த்தேன்."

"எங்க மாமனார் தன்னோட கிட்னிக் கல்லைப் பத்திச் சொல்லிட்டு இருக்காரு. நாலு மாசமா அதே கல்லு. உன்னாலதான்யா இதைக் கேட்டுட்டு இருக்கேன்."

"நானும்தான்" என்றார் தச்சர் இடையில் புகுந்து. "எனக்குக் கல்லு இல்ல. மூட்டுவலி."

ஆனாலும் ஹாம்கள் ஹாம்கள்தான். தேட ஒரு சத்தம் கிடைத்துவிட்டால் கோபம் எல்லாம் பிறகு. டாக்டர் தன் மாமனார் வீட்டு மாடிக்கும், தச்சர் தன் மாமனார் வீட்டு மாடிக்கும் ஆன்டெனாவோடு ஓடினார்கள். மெக்கானிக் சொந்த மாடியில் ஏறி, துணிக்கொடிகளுக்கு நடுவே அளவுநாடாவை இப்படியும் அப்படியும் திருப்பினான். சத்தம் கிழக்கே பலமாக இருந்தது. மூவரும் திசையைச் சொல்ல, டாக்டர் கோடு போட்டார். போட்டுவிட்டு மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னார்கள்.

"யோவ், மூணு கோடும் உங்க மாமனார் தெருவுலதான்யா வெட்டுது."

"இருக்காது டாக்டர். அது பொய்."

"கோடு பொய் சொல்லாது. நீதான் சொல்லுவ."

டாக்டர் காரில் வந்து அவனை ஏற்றிக்கொண்டார். வழி நெடுகப் பல்லைக் கடித்தார், அவர் தொழிலுக்கே ஆகாத அளவுக்கு. பின்னாலேயே தச்சரின் படகு வந்தது.

வேன் மாமனார் வீட்டு வாசலில் நின்றது. அவன் பெட்டிக்கு எழுதிக் கொடுத்த அதே இடம், ஒரு முழம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லை. முன்சீட்டில் மாமனார் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மகள் அவர் வீட்டு ஆணியில் மாட்டியிருந்த இன்னொரு சாவி வண்டியில் தொங்கியது.

மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் தோழி ஒருத்தியின் ஸ்கூட்டரிலிருந்து அவன் மனைவி இறங்கினாள், யூனிஃபார்மோடு. புருஷனைப் பார்க்கவில்லை. நேரே அப்பாவிடம் போனாள்.

"நாலு மாசமா என்கிட்ட பொய் சொன்னீங்களாப்பா?"

"தினமுமா சொன்னேன்? ஞாயித்துக்கெழமை மட்டும்தான்."

"ஏம்ப்பா?"

மாமனார் துணியை மடித்து வைத்தார். "வண்டி நிக்குதான்னு கேப்பே. ஜன்னல்ல எட்டிப் பார்ப்பேன். தெரு காலியா இருக்கும். இல்லேன்னு சொன்னா, டியூட்டியில நின்னுக்கிட்டே அழுவே. அதான் நிக்குதுன்னேன். வாராவாரம் காலித் தெருவைப் பார்த்துக்கிட்டே அப்படிச் சொல்றது கஷ்டமா இருந்துச்சும்மா. ஒரு வாரமாவது உண்மையைச் சொல்லலாமேன்னு காலைல பஸ்ஸைப் பிடிச்சுப் போயி எடுத்துட்டு வந்தேன்." பிறகு மருமகன் பக்கம் திரும்பினார். "கிளட்ச்சைக் கொன்னு வெச்சிருக்கீங்க மாப்பிள்ளை."

"நீங்கதானே மாமா, எதுக்குச் சிரமம்னு சொன்னீங்க?"

"மரியாதைக்கு ஒருத்தன் சொன்னா அப்படியே வராம இருந்துடுறதா?"

கிழவர் ஜன்னலில் எட்டிப் பார்ப்பது மெக்கானிக்கின் கண்முன் வந்தது. குவாரியில் உட்கார்ந்து கடல் கடந்த ஆளிடம் மழையா வெயிலா என்று விசாரித்ததும் வந்தது. வெட்கமாக இருந்தது. வேன் கிடைத்த சந்தோஷம்கூட அதில் அமுங்கிப்போயிற்று. டாக்டர் தன் மாமனாருக்குப் போன் செய்வதாகச் சொல்லி மெல்ல நகர்ந்தார், தச்சரும் கூடவே.

மனைவி அப்போதுதான் அவனைப் பார்த்தாள். "அந்தப் பெட்டியை இப்பவே சரிபண்ணுங்க. எங்க முன்னாடி" என்றாள். பண்ணினான்.

அடுத்த ஞாயிறு பெட்டியும் யோக்கியமாக இருந்தது, அவனும் யோக்கியமாக இருந்தான். வேனை நிஜமாகவே ஓட்டி வந்து மாமனார் வீட்டில் ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பக்கத்தைக் கழற்றிப்போட்டு, தரையில் படுத்து வேலை பார்த்தான். எழுந்து கையைத் துடைக்கும்போது மாமனாரின் போன் அடித்தது.

"இல்லியேம்மா" என்றார் அவர், எதிரே நின்றவனை நேராகப் பார்த்துக்கொண்டே. "இன்னும் வரல. மேப்பா? அது காட்டும். உனக்குத் தெரியாததா." வைத்துவிட்டார்.

"மாமா, நான் இங்கதானே நிக்கிறேன்?"

"வராதப்ப நாலு மாசம் வந்ததா சொன்னேன். வர்றப்ப நாலு மாசம் வரலைன்னு சொல்றேன். நேராயிடும்." வாயில் சிரிப்பே இல்லை. பஸ்ஸில் சில்லறை இல்லை என்று சொல்லும் முகம்.

உடனே அவன் போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?"

"உங்கப்பா வீட்ல. சத்தியமா. அவரு விளையாடுறாரு."

"எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு."

அவள் சிரிக்கிறாளா, நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. சாட்சிக்கு யாரும் இல்லை. சட்டென்று ஒரு யோசனை வந்தது. அந்த உறுமல் உலகத்தில் வேறெந்த வீட்டிலும் கிடையாது, அவளுக்குத் தூக்கத்தில்கூட அடையாளம் தெரியும். "இதைக் கேளு" என்று போனைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜின் மேல் வைத்து அழுத்தினான்.

ஃபிரிட்ஜ் மூச்சுக்கூட விடவில்லை. அதை அவன் இப்போதுதான் சரிசெய்து முடித்திருந்தான்.