நாலு மணிப் பாலம்

ஆலையில் ராத்திரி ஷிப்ட்டை விட்டபிறகு கல்யாண வேன் ஓட்டுகிறேன். எங்கள் ஊரில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டதும் ஜோடியை ஒவ்வொரு நினைவுச் சின்னமாகக் கூட்டிப்போக வேண்டும். போர்வீரர் சிலைக்குப் பூ, வெண்கலக் கெளுத்தி மீன் சிலையின் மீசையில் ஒரு தடவல். கடைசியாக மிதவைப் பாலம். மாப்பிள்ளை பெண்ணைத் தூக்கிக்கொண்டு அக்கரைவரை நடக்க வேண்டும், அவள் கால் பாலத்தில் படக்கூடாது. பட்ட ஜோடியும் படாத ஜோடியும் பிறகு ஒரே மாதிரிதான் சண்டை போடுகிறார்கள். அதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

அன்றைய மாப்பிள்ளை சவேலி முன்சீட்டில் ஏறி மெதுவாகச் சொன்னான்.

“மகார் அண்ணே, செவ்வாக்கிழமை இரும்புத் தொட்டி ஒண்ணத் தூக்கினேன். முதுகு புடிச்சுக்கிச்சு.”

“பொண்ணுகிட்ட சொல்லிடு.”

“ஸ்லாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா. அவளோட அத்தைதான் பிரச்சினை. இவளையே தூக்க முடியல, குடும்பத்த எங்க தூக்கப் போறான்னு ஊர் பூரா பேசுவா. நாலு மணிக்குக் கப்பல் போகப் பாலத்தத் திறந்துடுவாங்கல்ல? அதுக்கு அப்புறம் போனா…”

மணி இரண்டு. எங்கள் ஊரைப் பார்க்க நாற்பது நிமிடமே அதிகம். நான் இரண்டு மணி நேரம் காட்டினேன். தீயணைப்புக் கோபுரம், வெள்ளம் ஏறிய அளவு குறித்த சுவர், எதுவும் விடவில்லை. பெயர் அழிந்துபோன ஒரு சிலையின் முன் ரயீசா அத்தை நின்றுவிட்டாள்.

“இது யாருய்யா?”

“பம்பு நிலையம் கட்டினவரு.”

“இவரு காலடியில நாம எதுக்கு ஷாம்பெயின் குடிக்கணும்?”

“தண்ணி வரலன்னா பொறக்கப் போற குழந்தைய எப்படிக் குளிப்பாட்டுவீங்க?”

அவள் யோசித்துவிட்டுக் கோப்பையை நீட்டினாள்.

நாலு பத்துக்கு ஆற்றங்கரை. பாலம் திறந்திருந்தது. நடுத்துண்டைக் கழற்றி எங்கள் கரையில் கட்டியிருந்தார்கள், பக்கத்தில் இழுவைப் படகு. சவேலி நிம்மதியாக மூச்சு விட்டான். அதற்குள் பாலக்காரர் எஃபிம் வெள்ளை முக்காட்டைப் பார்த்துவிட்டார்.

“கல்யாணமா? பொறுங்க, மூடித் தர்றேன். சரக்குக் கப்பல் நிக்கட்டும்.”

பத்து வருடமாக யாருக்கும் ஒரு நல்லது செய்யாத மனிதர். அன்றைக்குத்தான் தோன்றியிருக்கிறது.

சவேலி வெளுத்துப்போனான். ஸ்லாத்தா சிரித்தாள்.

“காலைல ஷூ மாட்ட உன் தம்பியக் கூப்பிட்டியே, அப்பவே தெரியும். அத்தை, இவனுக்கு முதுகுவலி. எஃபிம் மாமா, மூடாதீங்க. அந்தத் துண்டிலயே எங்கள அக்கரைல விட்டுடுங்க. இவன் உக்காரட்டும், பாலம் நடக்கட்டும்.”

துண்டின் ஓரத்தில் கயிறு கட்டும் இரும்புக் கட்டையில் சவேலி உட்கார்ந்தான். நானும் அவன் தம்பியும் அவளைக் கரையிலிருந்து தூக்கி அவன் மடியில் வைத்தோம். லேசான பெண் இல்லை. இழுவைப் படகு துண்டை நகர்த்தியது. காத்திருந்த கப்பல் நீளமாக ஊதியது. அத்தை குனிந்து அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“கால் படல,” என்றாள் கடைசியில். “கப்பல நிறுத்திவச்சு ஆத்தத் தாண்டின கல்யாணம் இந்த ஊர்ல வேற எது? சொல்லுங்க பாப்போம்.”

அக்கரையில் ஸ்லாத்தா மண்ணில் குதித்தாள். சவேலியால் எழ முடியவில்லை. அவள் ஒரு கையையும் அத்தை ஒரு கையையும் பிடித்து அவனை மெல்லத் தூக்கி நிறுத்தினார்கள்.