மூன்று பத்துக்கு வரும் பதில்

அக்கா இறந்து எட்டு மாதம் ஆகியும் அம்மா அவளோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள். தினமும் மத்தியானம் மூன்று பத்துக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு, மடியிலிருக்கும் டேப்லெட்டில் பெரிய பச்சைப் பட்டனை அழுத்துவாள். கொஞ்ச நேரம் திரையையே பார்ப்பாள். பிறகு, "சரின்னுட்டா" என்பாள்.

இளையவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. பல்செட் செய்யும் லேபில் மெழுகோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள் அவள். மகளைப் பறிகொடுத்தவளிடம் 'அது வெறும் பட்டன்' என்று சொல்ல மனசு வரவில்லை.

அந்தப் பட்டனைச் செய்து கொடுத்ததே அக்காதான். அம்மா அழுத்தினால் வீட்டிலிருக்கும் அக்காவின் கம்ப்யூட்டரில் நேரம் பதிவாகும்; ஆபீசில் இருந்தபடியே அவள் பார்த்துக்கொள்வாள். அக்கா இறந்த அதே வாரம் கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது. கடைக்காரர் புது டிஸ்க் போட்டு, விண்டோஸ் ஏற்றி, வெறுங்கூடாகத் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து அது அலமாரிக்குள், ஒரு போர்வைக்கு அடியில் கிடந்தது.

ஒரு வேளை மாத்திரைகூடத் தவறக்கூடாது என்று இதய டாக்டர் கறாராகச் சொன்ன பிறகுதான், நேரத்தைப் பதியும் அந்த புரோகிராமை மறுபடி ஓடவிடலாம் என்று இளையவளுக்குத் தோன்றியது. அக்காவின் பென்டிரைவில் அது இருந்தது. ஒரு விடுமுறை நாளில் கம்ப்யூட்டரைத் தூசி தட்டி வைத்துக்கொண்டு, அக்காவோடு வேலை பார்த்த தாடிக்காரரை போனில் பிடித்தாள்.

"முதல்ல நோட் ஜேஎஸ் போடணும்மா. அது இல்லாம அந்த புரோகிராம் மூச்சே விடாது."

"எனக்கு வருமாண்ணா?"

"பல்லு கட்டுற உங்களுக்கு இதெல்லாம் தூசு. விண்டோஸுக்கு உள்ளதை டவுன்லோட் பண்ணிட்டு, நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு தட்டிக்கிட்டே போங்க."

தட்டினாள். பச்சைப் பட்டை ஊர்ந்து ஊர்ந்து நிறைந்தது. கறுப்புத் திரையைத் திறந்து, அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னதை அடித்ததும் வெர்ஷன் எண் வந்து நின்றது. "பிழைச்சோம்" என்றார் தாடிக்காரர். அக்காவின் ஃபோல்டரை உள்ளே போட்டு, டேப் தேடி வரும் பழைய முகவரியையே கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, ஓடவிட்டாள். 'காத்திருக்கிறேன்' என்று ஒரு வரி விழுந்தது. அக்கா எழுதி வைத்த வரி.

சரியாக மூன்று பத்துக்கு அடுத்த அறையில் அம்மா பட்டனை அழுத்தினாள். கறுப்புத் திரையில் நேரம் பதிவானது. போனை வைத்துவிட்டு இவள் எழுந்திருக்கும் முன்பே அம்மாவின் குரல் கேட்டது.

"யாருடி இது?"

டேப்பில் 'பதிவு செய்யப்பட்டது' என்று இருந்தது.

"அதுதாம்மா பதில். இப்பதான் சரி பண்ணேன்."

"இத்தனை நாளா அக்கா பேசினா. இது யாரோ ஆபீஸ்காரன் மாதிரி பேசுது."

அம்மா விரலால் திரையைத் தள்ளிப் பழையதைக் காட்டினாள். ஒரு நாள் விடாமல், எட்டு மாதமும், தேதி போட்டுப் பதில்கள் இருந்தன. 'சரிம்மா, தண்ணி நிறையக் குடி.' 'இன்னிக்கு ஏன் லேட்டு?' 'கால் வீங்கியிருக்கே, தூக்கி வெச்சுக்கோ.' கடைசியாக, முந்தின நாள்: 'நாளைக்கும் இருப்பேன்.'

இளையவள் வராந்தாவுக்குப் போய் மறுபடி தாடிக்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இந்த புரோகிராம்ல எத்தனை பதில் இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணு. 'பதிவு செய்யப்பட்டது'. நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

"கம்ப்யூட்டர் ஆஃப்ல இருந்தா?"

"டேப்ல பக்கமே திறக்காது. ஏம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாளும் அதே ஆபீஸ் பதில்தான். அதற்கடுத்த நாள் அம்மா மாத்திரையைத் தொடவே இல்லை. "அவ கேட்டா போடுறேன்" என்று வாயை இறுக மூடிக்கொண்டாள். கெஞ்சியும் பார்த்தாயிற்று, அதட்டியும் பார்த்தாயிற்று. சாயங்காலம் அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இளையவள் ஓடிப்போய் புரோகிராமை நிறுத்தினாள். நோட் ஜேஎஸ்ஸை மிச்சமில்லாமல் நீக்கினாள். ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, கம்ப்யூட்டரை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "எடுத்துட்டேம்மா, வருவா" என்று அம்மாவின் வாயில் மாத்திரையைப் போட்டாள்.

இரண்டு நாள் டேப்பில் பக்கம் திறக்கவில்லை. லேபுக்கு லீவு சொல்லிவிட்டு, பச்சைப் பிள்ளைக்கு ஊட்டுவது போல மாத்திரை கொடுத்தாள்.

மூன்றாம் நாள், அதே நேரத்துக்கு, டேப் ஒளிர்ந்தது. இளையவள் பார்வை தானாக அலமாரிப் பக்கம் போனது. பூட்டு பூட்டியபடி இருந்தது.

அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தாள். "'நடுவுல வந்தது யாரும்மா?'ன்னு கேக்கிறாடி. என்ன சொல்லட்டும்?"

"யாருமில்லன்னு சொல்லும்மா" என்றாள் இளையவள்.

அம்மா டேப்பைப் பார்த்து அப்படியே சொன்னாள். சந்தோஷமாக மாத்திரையை விழுங்கினாள்.

டாக்டருக்கு இப்போது அம்மாவைப் பற்றிக் குறையே இல்லை. ஒரு வேளைகூடத் தவறுவதில்லை. இளையவள்தான், விடுமுறை நாட்களிலும், மூன்று மணிக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுகிறாள்.